மஞ்சள்நீர் குடித்தவன்

"குடும்பத்தில் யாருக்காவது?"
படிவத்தில் ஏழாவது கேள்வி.
எந்தக் குடும்பத்தில் என்று கேட்டேன்.
காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் புதிதாய் வந்த டாக்டரம்மா
பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

பதினோரு வயதில்
நெற்குப்பையிலிருந்து பள்ளத்தூருக்குப்
பிள்ளை வந்தவன் நான்.
பங்காளிகள் சுற்றி உட்கார்ந்திருக்க
வெள்ளிக் கிண்ணத்தில் மஞ்சள்நீர் கொடுத்தார்கள்.
குடித்தேன். கொஞ்சம் கசந்தது.
பெயர் மாறியது, சோலையப்பன் போய் வயிரவன்.
புள்ளி மாறியது. பெட்டிச் சாவி மாறியது.
இரத்தத்துக்கு மட்டும்
யாரும் தாக்கல் சொல்லவில்லை.

வளர்த்த அப்பச்சி
மலாயாவிலிருந்து மூன்று பெட்டியும்
சுருட்டுப் பழக்கமும் கொண்டுவந்தவர்.
பற்றவைத்துக் கொடுப்பது என் வேலை.
நாலாவது இழுப்பில்தான் கங்கு நிற்கும்;
அந்த நாலும் என்னுடையவை.
தொண்டையில் வந்தது அவருக்கு. குழாய் வைத்தார்கள்.
கடைசி ஆறு மாதம் சிலேட்டில் எழுதித்தான் பேசினார்.
"நீ அவர் ரத்தமா என்ன, உனக்கு வராது"
துக்கத்துக்கு வந்தவர்கள்
ஆறுதலாய்த்தான் சொன்னார்கள்.
அன்று சாயங்காலம் கொல்லைக் கிணற்றடியில் நின்று
ஒன்று பற்றவைத்தேன்.

இப்போது பெற்ற வீட்டில்
தம்பி நாச்சியப்பனுக்குப் பெருங்குடலில்.
வயது முப்பத்தொன்பது. வெற்றிலைகூடப் போடாதவன்,
விடிகாலையில் சங்கரபதிக் காட்டுச் சாலையில் ஓடுகிறவன்.

பிறப்போடு வருவது நூற்றில் ஐந்தோ பத்தோதான்
என்கிறாள் டாக்டரம்மா.
மிச்சமெல்லாம் புகை, குடி, தட்டு, காற்று, வயது,
பிறகு
காரணமே இல்லாமல் செல் செய்கிற எழுத்துப்பிழை.
நான் பெயிண்ட் கடைக்காரன்.
இருபது வருடமாய்த் தின்னர் வாசத்தில் சோறு தின்கிறவன்.
கணக்குக்குப் பேர்போன ஊர் இது.
இந்தப் பற்றை எந்த வீட்டுப் பேரேட்டில் எழுத?

கண்டனூர்ச் சின்னாத்தாளுக்குப் போன் போட்டேன்.
என்னைப் பெற்றவள் எதில் போனாள்?
"வயித்து நோவு."
அவள் அண்ணன்?
"வயித்து நோவுதான்."
உங்கள் அப்பச்சி?
கொஞ்ச நேரம் மிக்ஸி சத்தம் மட்டும் கேட்டது.
"மூணு பொம்பளப் பிள்ளையக் கட்டிக்குடுக்க வேணாமாப்பா?
பேரச் சொன்னா யாரு வருவா?"

ஏழாவது கேள்விக்குக் கோடு போதவில்லை.
தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன்:
ஆத்தா வழியில் மூவர். தம்பி நாலு.
வளர்ந்த வீட்டில் ஒருவர், சுருட்டு.
கடை, தின்னர்.
ஒருநாளைக்கு எத்தனை சிகரெட் என்ற இடத்தில்
எட்டு என்று எழுதினேன்.
அடித்துவிட்டுப் பதினாலு என்று எழுதினேன்.

நர்ஸ் முழங்கையைத் தட்டி நரம்பு தேடினாள்.
குழாய் மதுரைக்குப் போகிறது. மூன்று வாரம் ஆகுமாம்.
"இருக்குன்னு வந்தா?"
"வருஷா வருஷம் குடலைப் பார்ப்போம். முளையிலேயே கிள்ளலாம்.
உங்க மகளுக்கும் சொல்லணும்."
"இல்லேன்னு வந்தா?"
"அப்பவும் பதினாலு, பதினாலுதானே."

வெளியே வந்தால் மகளின் வாட்ஸ்அப்:
'மாமா சொல்லச் சொன்னாங்க,
தினம் வெறும் வயித்துல மஞ்சள்நீர் குடிக்கணுமாம்.'

பஸ் ஸ்டாண்டில் தனியாய்ச் சிரித்தேன்.
ஒரு கிழவர் நகர்ந்து உட்கார்ந்தார்.
அவளைக் கூப்பிட்டேன்.
"சித்தப்பாவுக்கு என்னப்பா?" என்றாள்.
வயித்து நோவு என்று நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கிவிட்டு,
புற்று என்றேன்.