கல் கழிவு

அடைவுக் கருமபீடத்தில் என் வேலை எளிது.
உரசு, திராவகம் விடு, நிறு,
கல்லைக் கழி.

களுவாஞ்சிகுடிக் கிளையில்
தாலிக்கொடி, அட்டியல், குழந்தையின் அரைஞாண்
எதிலும் கல்லைக் கழித்துத்தான் எழுதியிருக்கிறேன்.
கல்லுக்கு வங்கி காசு தராது.

ஒரு மாசிக் கடைசியில்
மண்டூர்ப் பாதையில் முதல் ஆளாய் ஏறி
வாவி கடந்து வந்த தெய்வானைப்பிள்ளை
சீலைத்தலைப்பு முடிச்சை அவிழ்த்தாள்.
ஒற்றைத் தோடு.
'சோடி எங்க கா?'
'எலிக்கிட்டத்தான் கேக்கோணும்.'

அறுத்த வட்டையில் எலிவளை தோண்டி
நெல் எடுக்கிறவள்.
வளைக்குள் கால் சாக்கு நெல்,
நெல்லுக்கு அடியில் இது.
எலியும் அடைவு பிடித்திருக்கிறது.

உரைகல்லில் இழுத்தேன்.
திராவகம் பட்டும் மஞ்சள் கோடு அசையவில்லை.
இரண்டாவது துளி விட்டேன்,
பொன்னில் எனக்குச் சந்தேகமில்லை,
கையில்தான்.

கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிப் பார்த்தால்
கீழே மூன்று கம்பி, நுனிகள் வெறுமை.
முத்து இருந்திருக்கும்.
முத்தும் மண்ணில் சாகும்.
நடுவில் ஒரு கல்,
கடைவாயில் அடக்கிய வெற்றிலைச் சிவப்பு.
கல்லுக்குப் பின்னால்,
ஆரும் பார்க்கத் தேவையில்லாத இடத்தில்,
ஒரு தங்க ஏடு, ஏட்டில் கோடுகள்,
குறுக்கும் நெடுக்கும் பன்பாய்ப் பின்னலாய்,
தலைமயிரிலும் மெல்லிசு.
உள்ளே போன வெளிச்சம் அங்கேயே கிடந்துவிடாமல்
திரும்பி வரட்டும் என்று.
ஆரோ ஒருத்தன்
வெளிச்சத்தை வைத்து
வட்டியோடு மீட்டிருக்கிறான்.

கொழும்புப் பயிற்சியில் ஒருநாள் படம் காட்டினார்கள்.
ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தி
கடலுக்கு அப்பால் ஒரு ராசாத்தி காதில்
இதே சிவப்பு, இதே பின்னல்.
கல் இந்தப் பக்கத்தால் போயிருக்கலாமாம்.
போன கல் தோடாகித் திரும்பியதா,
செய்தவனே கப்பலேறி வந்து
இந்த வெள்ளாமைச் சேற்றில் கால் புதைந்து நின்றானா,
பயிற்சியில் அதைச் சொல்லவில்லை.
பகல் சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டது.

'மகள் கட்டாருக்குப் போறாள்,
மெடிக்கலுக்குக் காசு கட்டோணும்' என்றாள்.
பிறகு என் பேனையைப் பார்த்தாள்.
'எங்க எடுத்ததெண்டு எழுதிராத மனே.
அங்கால வட்டையில செங்கல் ரெண்டு வந்ததுக்கே
பலகை நட்டுட்டாங்க.
ரெண்டு போகமா மாடும் இறங்கேலா.'

சட்டம் எனக்குத் தெரியும்.
சொல்லாவிட்டால் குற்றம்.
சொன்னால் வளையோடு வயலும் போகும்.
அடைவு பிடித்து அவள் மீட்காவிட்டாலோ
ஏலம், பொழுதுபடுமுன் உருக்கு,
பெயர்த்த கல் வாசலில்.

எழுதினேன்.
தோடு, ஒன்று.
கல் கழிவு ஐந்து மஞ்சாடி.
'பழைய' என்ற சொல்லுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை,
ஓரத்தில் நெருக்கி எழுதினேன்.

ஏழு வருஷம்.
சூடடித்து முடிய வருவாள்.
முதலில் கை வைப்பதில்லை, வட்டி மட்டும்.
மகள் கட்டாருக்குப் போய், வந்து, திரும்பவும் போய்விட்டாள்.
'இரிக்கா?'
'இரிக்கு.'
புதுப்பிக்க உறையைப் பிரித்து நிறுக்க வேண்டும்,
அது விதி.
தராசுக்கு மேல் இரண்டு தலையும் குனியும்.
டியூப்லைட் உள்ளே போய்
சிவந்து வெளியே வரும்.
உறை ஒட்டி, முத்திரை குத்தி,
திரும்பவும் கல்லைக் கழிப்பேன்.

சித்திரையில் எனக்கு வாழைச்சேனைக்கு இடமாற்றம்.
வருகிற பையன் புதுசு,
உரசவும் நிறுக்கவும் படித்தவன்.
அவளிடம் சொன்னேன்.
மிச்சக் காசை எண்ணி முடிந்துகொண்டே சொன்னாள்:
'அவருக்கும் கண் இரிக்குந்தானே.'