கவிழ்த்துப் பார்க்கிறவள்

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்கவேணும் என்று
விடிய ஆறேகாலுக்குக் கோப்பாய்க்குப் போனேன்.
பொனற்றில் கை வைத்தேன். சுட்டது.
"இப்பதான் மகளை ரியூசனில விட்டிட்டு வாறன்"
என்றார் தவயோகன்.
பட்டிப்பொங்கலன்று எந்த ரியூசன் என்று நான் கேட்கவில்லை.
"ஆறட்டும். இருக்கிறன்" என்றேன்.

நான் மணற்காட்டில் நண்டு எடுக்கிறவள்.
தராசில் போடமுன் ஒவ்வொன்றையும் கவிழ்த்து
அடிவயிற்றில் பெருவிரலை வைத்து அழுத்துவேன்.
இறுகியிருந்தால் சதை.
அமிழ்ந்தால் தண்ணி நண்டு,
மேலோடு எவ்வளவு நீலமாய் மினுங்கினாலும்.
பதினொரு வருசத்தில் மேலோட்டுக்கென்று
ஒரு சதமும் குடுத்ததில்லை.

சாக்கை விரித்துக்கொண்டு அடியில் போனேன்.

புதுக் கறுப்புப் பெயின்ற்.
ஒருவரும் பார்க்காத இடத்துக்கு
ஒருவரும் சும்மா பூசுவதில்லை.
ஸ்குறூட்றைவர் பிடியால் சசியைத் தட்டிக்கொண்டு போனேன்.
ணங். ணங். ணங்.
பின்சில்லுக்கு மேலே, தொப்.
இன்னொருக்கால் தட்ட
நமுத்த பிஸ்கற்றுப்போல ஒரு துண்டு
கன்னத்தில் விழுந்தது.
உப்புக்கு ஒருநாளும் அவசரமில்லை.

பிரிட்ஜில் இருந்து கழற்றிவந்த அன்னாசிக் காந்தத்தைக்
கதவில் வைத்தேன். நின்றது.
பின்மூலையில் வைத்தேன். வழுக்கி மண்ணில் விழுந்தது.
"அதில கொஞ்சம் புட்டி" என்றார்
காந்தத்தை எடுத்துச் சாரத்தில் துடைத்துத் தந்தபடி.

அதே கதவில், பெயின்றுக்குக் கீழே, மங்கலாய் ஒரு வட்டம்.
ஏதோ நிவாரண நிறுவனத்தின் ஸ்ரிக்கர் இருந்த இடம்.
பின்சீற்றுப் பெல்ற்றைக் கடைசிவரை இழுத்தேன்.
ஒருவரும் இழுத்துப் பார்த்திராத அந்தக் கடைசி முழத்தில்
காய்ந்த சேற்றுக் கோடு ஒன்று, அதில் மணல்.
நாக்கு நுனியில் வைத்தேன். கரித்தது.
எந்தக் கடல், எந்த வருசம் என்று அவருக்குத் தெரியாது.
அவர் ஐந்தாவது சொந்தக்காரர்.
எனக்கு ஒரு கடலைத் தெரியும். ஒரு வருசத்தையும்.
பெல்ற்றை விட்டேன்.
அது தானாய் உள்ளே போனது.

பிளேன்ரீ வந்தது. எட்டு மணியாச்சு.
ஆறுகிற இரும்பு இடைக்கிடை டிக், டிக் என்றது.
அதை அவரால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.
"மூண்டாம் கியர் வழுக்கும்" என்றார், நான் கேளாமலே.
பிறகு, "ரேடியேற்றர் ஒழுகேக்க
ஒருக்கா முட்டை உடைச்சு ஊத்தினது."
பிறகு நெடுநேரம் கழித்து,
"முன் புரொப்பெல்லர் சாப்ற் இல்லை."
"அடியில பாத்தனான்" என்றேன்.

நாலு சில்லுக்குமென்ற அந்தக் குட்டிக் கம்பு
பத்து வருசமாய் ஒன்றையும் பிடிக்காமல்
முன்னுக்கும் பின்னுக்கும் போய்வந்திருக்கிறது.
"தார் றோட்டில அது என்னத்துக்கு? டீசலெல்லோ குடிக்கும்."
எனக்குத் தார் றோட் ஒரு வளைவோடு முடிந்துவிடும்.
பிறகு மணல்தான், நாலு ஐஸ்பெட்டி, நான்.

கொட்டிலுக்குள் போய்
உரப்பையில் சுற்றியிருந்ததைத் தோளில் சுமந்துவந்தார்.
கிறீஸ் பூசி, ஒரு பொட்டுத் துருவில்லாமல்.
நட்டும் போல்ற்றும் எண்ணிப் போட்ட பால்மா ரின் வேறு.
முழு வண்டியிலும் அவர் பூசி மறைக்காத ஒரே சாமான்
வண்டியில் இல்லாத அதுதான்.

ஒன்பதுக்குத் திறப்பைத் திருப்பினேன்.
மூன்று தரம் இருமி எழும்பியது.
நீலமாய்ப் புகை, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த
வெள்ளைச் சேட்டுகள்வரை போய் மெலிந்தது.
மெலிந்தபடியால் இன்னும் இரண்டு வருசம் ஓடும்.
முப்பத்தாறு இலட்சம் இருபத்தொன்பதரைக்கு இறங்கியது.

கடைசியாய்ப் புத்தகத்தை வாங்கி
சசி இலக்கத்தோடு ஒத்துப் பார்த்தேன்.
புத்தகத்தில் கடைசி எண் எட்டு.
இரும்பில் எட்டோ மூன்றோ தெரியவில்லை.
பெருவிரலை வைத்து அழுத்தினேன்.
இடப்பக்கம் திறந்துதான் கிடந்தது.
துரு தின்றதோ, வெட்டும்போதே அப்படியோ,
விரலுக்கு அவ்வளவு தெரியாது.

"நாளைக்கு மெக்கானிக்கோட வாறன்" என்றேன்,
"எஞ்சினைச் சூடாக்கி வைக்காதேங்கோ."