பதினொரு கேள்விகள்

பச்சைச் சட்டை ஒன்று கொடுத்தார்கள்,
முதுகில் "என்னைக் கேள்" என்று கொட்டை எழுத்தில்.
எனக்கு ஒரு சுற்றுப் பெரியது.
முதல் மழையிலேயே சாயம் இறங்கிக் கழுத்தெல்லாம் பச்சை.
இந்த வருடம் வால்திவியாவில் மார்ச்சிலேயே பிடித்துக்கொண்டது.

எனக்கு ஒதுக்கிய பெயர் யெர்கோ பர்ரியா.
சிலோயே தீவின் தென்கோடி, கெயோன்.
அம்மாவுக்கு சால்மன் ஆலையில் இரவு முறை.
பாலத்தின் இந்த முனையில் நின்றிருந்தான்,
பல்கலைக்கழகம் அந்த முனையில்.
"ஏன் தாண்டவில்லை?"
"தாண்டலாமா என்று தெரியவில்லை."
சிரித்திருப்பேன்.
போன வருடம் இதே பாலத்தில்
மூன்று முறை பாதியோடு திரும்பியவள் நான்.

நகல் எடுக்க எங்கே மலிவு,
நூலகத்தில் எந்த மேசைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது,
சாப்பாட்டு அட்டையில் மாதக் கடைசிக்கு
இரண்டு ரொட்டியை எப்படி மிச்சம் பிடிப்பது,
மீன் சந்தைக்குப் பின்னால் கடற்சிங்கங்கள் கிடக்குமிடத்தில்
ஏன் பையைத் திறந்து வைக்கக் கூடாது,
எல்லாம் சொன்னேன்.
எல்லாம் தெரிந்தவள் குரலில் சொன்னேன்.
ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

அலுவலகத் தாளில் பதினொரு கேள்விகள்.
தூங்குகிறாயா? ஆம்.
சாப்பிடுகிறாயா? ஆம்.
பேச யாராவது இருக்கிறார்களா? ஆம்.
ஏழாவது: விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்ததுண்டா?
இல்லை.
நான்கே நிமிடம்.
அந்த "இல்லை"யை மட்டும் அழுத்தி எழுதியிருந்தான்,
தாளின் மறுபக்கம் புடைத்திருந்தது.
நான் கேட்கவில்லை.
என் தாளும் அப்படிப் புடைத்ததுதான்.
தடவிப் பார்க்க
அப்போது எனக்கு வாய்த்த சீனியருக்கும் நேரமில்லை.

திங்கட்கிழமை, காலை எட்டு, நுண்கணிதம் ஒன்று.
கடைசி வரிசையில் தொப்பியை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம்,
நூற்றிருபது பேர் நடுவே அந்தப் பச்சையை முடியாது.
(வேறு சட்டை காயவில்லை. இந்த ஊரில் எதுதான் காய்கிறது?)

பெயர் கூப்பிட்டார்கள்.
"பர்ரியா, யெர்கோ."
"இருக்கிறேன்."
அகர வரிசைக்கு இரக்கமே கிடையாது, அடுத்தது,
"பாஸ்தியாஸ், மைத்தேன்."
இரண்டாம் முறை கூப்பிட்டபோதுதான்
என் தொண்டையிலிருந்து ஏதோ வந்தது.

திரும்பிப் பார்த்தான்.
பையை எடுத்தான்.
ஈரச் செருப்பு கீச்கீச்சென்று
ஒவ்வொரு படியாக மேலே ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.
தோற்றுப்போனாயா என்று கேட்கவில்லை.
எத்தனை மதிப்பெண் என்றும் கேட்கவில்லை.
அந்தத் தாளின் அவனுடைய பிரதி, நான்காக மடித்தது,
அதை விரித்து, மேலே இருந்த தன் பெயரை அடித்து
என்னுடையதை எழுதி, பென்சிலோடு நகர்த்தினான்.

தூங்குகிறாயா? இல்லை.
சாப்பிடுகிறாயா? சில நாள்.
ஏழாவதில் எழுதினேன்:
மூன்று முறை, பாலத்தில்.
பென்சிலை வாங்கி அதன் கீழே அவன்:
இன்றைக்கும். கெயோன் பஸ் ஏழு பத்துக்கு.
காசு எண்ணிப் பார்த்தேன், இருந்தது.

கீழே சாக்பீஸ் சத்தம்.
ஒரு எண்ணை நெருங்கிக்கொண்டே போவதைப் பற்றி,
தொடவே தொடாமல்.
எட்டாவது கேள்விக்கு நாங்கள் வருவதற்குள்
பலகையைத் துடைத்துவிட்டார்கள்.
இருவர் நோட்டிலும் தேதி மட்டும்.

முன் வரிசையில் ஒருத்தி நான்கு நிறத்தில் எழுதியிருந்தாள்.
யார் போய்க் கேட்பது?
காசு சுண்டினோம்.
தோற்றேன்.
முதுகில் அந்த எழுத்தோடு
படியிறங்கி நான்தான் கேட்கப் போனேன்.