சூப் நகரத்தில் மிளகு

எங்கள் பேட்டைக்கு சூப் நகரம் என்று பெயர்.
பட்டாணித் தெரு, அவரைத் தெரு,
நாங்கள் இருப்பது உருளைக்கிழங்குத் தெரு.
அதனால் கல்யு அந்தக் குட்டியை
பிப்பர் என்று கூப்பிட்டான். எஸ்தோனிய மொழியில் மிளகு.
ஆறே வாரக் குட்டி.
சந்தை வாசலில், ஒரு காரின் டிக்கியிலிருந்து,
என்னைக் கேட்காமல் வாங்கியது.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
எட்டு வாரமாவது தாயிடம் விட்டுவை.
வாங்கிய பிறகு சொன்னேன்.
அன்றோடு நின்றது எங்கள் பேச்சு.

முதல் இரவு சமையலறைத் தரையில் நான்கு குளம்.
மறு இரவு ஐந்து; ஐந்தாவது கல்யுவின் பூட்ஸுக்குள்.
மூன்றாம் நாள் வயிறு மத்தளமாய் உப்பி,
கால் பின்னி, கண் சொருகி, நடுங்கியது.
நான் தினமும் ஓட்டும் பேருந்தில்
பயணியாக ஏறினேன்,
கோட்டுக்குள் மிளகோடு.

மருத்துவர் மெரிகே அதன் ஈறில் தேன் தடவினாள்.
"இத்தனூண்டு உடம்பில் சேமிப்பு ஏது?
பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கிவிடும்.
நாளுக்கு நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமாய்.
தடுப்பூசி முடியும்வரை வேலிக்குள்ளேயே.
ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போகாதே."

பூச்சி மருந்து கொடுத்த மறுநாள்
செய்தித்தாளின் மேல் சேமியா.
அசைகிற சேமியா.
கல்யு பார்த்தான். கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தான்.
அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம்.

அப்புறம் கடி.
என் மணிக்கட்டில், சாக்ஸில், திரைச்சீலையில்,
ஒருமுறை கல்யுவின் மூக்கில்.
(அதற்கு நான் பிஸ்கட் கொடுத்தேன் என்பது பொய்.)
"எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று
கூடப் பிறந்ததுகள்தான் கற்றுத்தரும்.
ஒன்று வீலென்று கத்தும், ஆட்டத்தை விட்டுப் போய்விடும்.
இது பாதியில் படிப்பை நிறுத்தியது" என்றாள் மெரிகே.
"அடிக்காதே. வாயைப் பிடித்து அமுக்காதே.
எழுந்து, திரும்பி, சிலையாகிவிடு.
அது அடங்கியதும்
கடிக்க வேறு ஏதாவது கொடு."

சிலையாவதற்கு எங்களுக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.
பதினோரு நாளாய்
அவன் ஜன்னலைப் பார்த்து, நான் அடுப்பைப் பார்த்து.
நடுவில் மிளகு உட்கார்ந்து
மாறி மாறிப் பார்த்தது,
தான் எப்போது யாரைக் கடித்தோமென்று.

நேற்று விடியலுக்கு முன், மூன்று நாற்பது.
மைனஸ் பதினேழு.
கதவடியில் நூல் மாதிரி ஒரு முனகல்.
நான் கோட்டைத் தேட, அவன் பூட்ஸைத் தேட
(ஒன்று இன்னும் நாறுகிறது)
இரண்டு பேரும் முற்றத்தில்.

ஆப்பிள் மரத்தடியில் ஏழு சுற்று சுற்றி
மிளகு குந்தியது.
பனியில் மஞ்சளாய் ஒரு துளை, அதிலிருந்து ஆவி.
"துப்ளி" என்றான் கல்யு. சபாஷ்.
நாய்க்குத்தான்.
பார்த்தது என்னை.

அடுத்து அது இன்னும் கொஞ்சம் உழைத்து,
முடித்ததும் திரும்பி
அதையே முகர்ந்து, வாயைத் திறந்தது.
கத்தவில்லை நாங்கள். கத்தினால் அவசரமாய் விழுங்கும்.
பையிலிருந்த காய்ந்த மீன்தோலை நீட்டினேன்,
வந்தது.
கல்யு குனிந்தான். கையில் காலி ஜாம் பாட்டில்.
பரிசோதனைக்கு மலம் வேண்டும் என்று
ஃப்ரிட்ஜ் கதவில் நான்தான் எழுதி ஒட்டியிருந்தேன்,
யாருக்கென்று எழுதாமல்.

"மூடி இருக்கா?" என்றேன்.
கோட்டுப் பையைத் துழாவினான்.
"இருக்கு."