இழந்ததற்குக் கூட்டல் குறி

கோத்தகிரி மண் பரிசோதனைக் கூடத்தில்
திங்கட்கிழமை முதல் டோக்கன் கெம்பம்மாளுக்கு.
கட்டபெட்டிலிருந்து நனைந்து வந்திருந்தார்.
இரண்டு பால் கவரில் இரண்டு பிடி மண்,
ஒன்றுக்குச் சிவப்பு ரப்பர் பேண்ட், ஒன்றுக்கு நீலம்.

தேயிலைக்கா, காரட்டுக்கா?
பூவுக்கு என்றார்.
அப்படியொரு கட்டம் படிவத்தில் இல்லை.
‘இதர’வில் டிக் அடித்தேன்.

ஒரே பதியன், ஒரே வரிசை ஹைட்ராஞ்சியா.
பாகம் பிரிந்ததும் அண்ணன் நடுவில் சுவர் எழுப்பினார்.
அவர் பக்கம் நீலம் நீலமாகவே நிற்க
இவர் பக்கம் இந்த வருஷம் ரோஸ்.
“என்னமோ புதைச்சிருக்கான் மேடம்.
எலுமிச்சம்பழமோ என்னவோ.”

எலுமிச்சம்பழமென்றால்
இன்னும் நீலமாகியிருக்குமே
என்று சொல்ல வந்து விட்டுவிட்டேன்.

உலர்த்தி, சலித்து,
பொட்டாசியம் குளோரைடு கரைசலில் குலுக்கினேன்.
காலை ஏழரை மேட்டுப்பாளையம் பஸ் மாதிரிதான்.
பொட்டாசியம் கும்பலாக ஏற ஏற
களிமண் சீட்டில் உட்கார்ந்திருந்த அலுமினியம்
நெரிசல் தாங்காமல் இறங்கிவிடும்.
இறங்கியதை எண்ணத்தான் எனக்குச் சம்பளம்.

நீல ரப்பர் பேண்டில் ஏராளம் இறங்கியது.
ஒவ்வொன்றும் மூன்று எலக்ட்ரானைப் பறிகொடுத்தது.
ஒவ்வொன்றின் தோளிலும் மூன்று கூட்டல் குறி.

பத்தாம் வகுப்பிலேயே எனக்கு இது பிடிபடவில்லை.
இழந்ததற்குக் கூட்டல்,
வாங்கி வைத்துக்கொண்டதற்குக் கழித்தல்.
யார் எழுதிய கணக்கு?
ஆனாலும் பறிகொடுத்ததுதான்
நீரில் இறங்கி நடக்கிறது,
வேர் ஏறி, தண்டு ஏறி,
ஒரு பூவை நீலமாக்குகிறது.
காய்ச்சி வடித்த தண்ணீரில்
மீட்டர் முள் படுத்தே கிடக்கும்.
அங்கே எதையும் இழந்தவர் அநேகமாக இல்லை.

சிவப்பு ரப்பர் பேண்ட்:
பி.எச். ஆறு புள்ளி ஒன்பது.
அலுமினியம் எங்கும் போய்விடவில்லை.
அதே மண்ணில்தான்,
ஹைட்ராக்சைடைக் கட்டிக்கொண்டு
எழுந்திருக்க மாட்டாமல்.

சுவருக்கு வெள்ளையடித்தது யார் என்று கேட்டேன்.

ஜன்னலில் ஏறும் பனியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
“நான்தான். அவன் பக்கம் வெறும் ஹாலோ பிளாக்.
எங்க பக்கமாவது பளிச்சுனு இருக்கட்டும்னு.
மிச்சத்தச் செடி மூட்டுல கொட்டினேன்.”

பிறகு ரிப்போர்ட்டை நாலாக மடித்து,
“அப்ப எது மேடம் அதோட சொந்த நிறம்?”

கையேட்டைப் புரட்டினேன்.
அளவுகள் இருந்தன.

‘சுண்ணாம்பு இட வேண்டாம்’ என்று எழுதி
முத்திரை குத்திக் கொடுத்தேன்.
வாசல்வரை போனவரை நிறுத்தி,
அண்ணன் பக்கத்து மண் எப்படிக் கிடைத்தது என்றேன்.

“அண்ணிதான்.
ராத்திரி சுவத்துக்கு மேல கை நீட்டிக் குடுத்தா.
அவளுக்கு ரோஸ்தான் பிடிக்குமாம்.
சுண்ணாம்பு மிச்சமிருக்கான்னு கேக்கறா.”