சாவிக்காரர்களுக்கு

கண் திறக்கும்போது
உள்ளங்கையில் ஒரு சாவி இருக்கும்.
யாருடையது என்று தெரியாது.

எம்.சி. ரோட்டில், தீபாவளி நெரிசலில்,
சேலைக் கட்டுகளுக்கு நடுவே விழுந்தபோது
கடை ஷட்டரின் சாவி.
மிண்ட் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரின் விசில்.
அது இரும்புகூட இல்லை, பாவம்,
அவசரத்துக்கு அதுதான் அகப்பட்டிருக்கும்.
தண்டையார்பேட்டை மார்க்கெட்டில்
செதில் ஒட்டிய மீன் கத்தி.
பிடி என் பக்கம் இருந்தது,
அதற்கு நன்றி.

ஒருமுறை டிவிஎஸ் ஐம்பதின் சாவி.
நீல நூல் கட்டியது.
கொடுத்தவர் திரும்ப வாங்க மறந்துவிட்டார்.
வண்டியைத் திருவொற்றியூர் வரை
தள்ளிக்கொண்டே போனாரோ என்னவோ.
இன்னும் என் பையில் கிடக்கிறது.

உங்களைக் குறை சொல்லவில்லை.
தாண்டிப் போனவர்கள் எதுவும் கொடுக்கவில்லை.
செல்போனை உயர்த்திப் பிடித்தவர்களும்தான்.
நீங்கள் கையில் இருந்ததைக் கொடுத்தீர்கள்.
ஆனால் அந்த நேரத்தில் என் கை
பூட்டு இல்லை.

இந்த முன்பல்லில் பாதி இல்லை, பாருங்கள்.
நாக்கைக் கடித்துக்கொள்வேன் என்று
ஒரு நல்ல மனிதர் செருகிய ஸ்பூன்.
தோள்பட்டை இறங்கியது
நாலு பேர் சேர்ந்து என் வலிப்பை
அமுக்கிப் பிடித்ததில்.
மயக்கத்தில் ஊற்றிய கோலி சோடா
இரண்டு வாரம் இருமியது.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்த சாயங்காலம்.
ஹாரன், ஸ்கூட்டர் புகை,
நாக்கில் அந்தத் தகர ருசி.
பிறகு எனக்கு எதுவும் இல்லை.
மிச்சம் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டது.

கொய்யா விற்கும் பியாரி
தராசை அப்படியே போட்டுவிட்டு வந்தாளாம்.
மிளகாய்த்தூள் கையை நைட்டியில் துடைத்தாளாம்.
"கைய புடிக்காத. வாயில ஒண்ணியும் வெக்காத.
தள்ளி நில்லு, இன்னா கூத்தா நடக்குது இங்க?"
துப்பட்டாவைச் சுருட்டித் தலைக்கடியில் வைத்தாள்.
பக்கத்திலிருந்த ஜல்லியைக் காலால் ஒதுக்கினாள்.
ஒருத்தன் சட்டையைக் கேட்டு வாங்கி
என் இடுப்பின் மேல் போட்டாள்.
நனைந்திருந்தது, அதை யாரும் பார்க்கத் தேவையில்லை.
படம் எடுத்தவனிடம்,
"அதே போன்ல நூத்தியெட்டு அடி" என்றாள்.

அவளிடம் கடிகாரம் இல்லை.
எதிரே கூட்ஸ் போய்க்கொண்டிருந்தது.
பெட்டிகளை எண்ண ஆரம்பித்தாள், சத்தமாக.
பதினேழு, பதினெட்டு.
கூட்டத்தில் சிலரும் சேர்ந்து எண்ணினார்களாம்.
முப்பத்தொன்பதில் என் கால் நின்றது.
அப்போதுதான் தொட்டாள்.
ஒருக்களித்துத் திருப்பி
எச்சில் வழிய வாயைத் தரை பார்க்க வைத்தாள்.

கேட் திறந்தது. அவள் எழவில்லை.
அத்தனை வண்டியும்
எங்களைச் சுற்றிக்கொண்டு போயின.

கண் திறந்தேன். உள்ளங்கை காலி.
முதல் தடவையாக.
பயந்துபோய் விரல்களை மூடித் திறந்தேன்.
தண்ணி என்றேன்.
"இப்ப இல்ல. மொதல்ல பேர் சொல்லு."
அக்கா பேரைச் சொன்னேன்.
கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டாள்.
நவமணி, என்றேன்.
"ஆங், வந்துட்ட. இந்தா, குடி."

ஸ்டான்லியில் டாக்டரம்மா கேட்டார்:
எவ்வளவு நேரம் வலிப்பு இருந்தது?
"முப்பத்தொம்பது பொட்டி."
பேனா நின்றது.
காலிப் பெட்டியா, லோடா என்று கேட்டார்.
"கரி லோடு. மெதுவாத்தான் போச்சு."
இரண்டரை நிமிடம் என்று எழுதிக்கொண்டார்.

யார் சொல்லிக் கொடுத்தது என்று
பியாரியிடம் நான் கேட்கவில்லை.
கொய்யா வாங்கும்போதெல்லாம் கேட்க நினைப்பேன்.
காசு வாங்கிக்கொண்டு
அடுத்த ஆளைப் பார்ப்பாள்.

நான் மறுபடி விழுவேன்.
மாத்திரை இருக்கிறது, இருந்தாலும்.
சாவி உங்கள் பையிலேயே இருக்கட்டும்.
பக்கத்தில் உட்காருங்கள். எண்ணுங்கள்.
பெட்டி இல்லையென்றால் பஸ், பஸ் இல்லையென்றால்
ஒன்று, இரண்டு.

அந்த டிவிஎஸ்காரர் மட்டும்
கடைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.
இரண்டாவது மாடி, காட்டன் பிரிவு.
நீல நூல்.