மூக்குப் பாரம்

இறக்கக்கண்டிப் பாலத்தில் கச்சான் காற்று
பக்கவாட்டில் அறைந்தது.
பின்னால் வந்த கூண்டு
இடம் போய், வலம் வந்து,
மறுபடி இன்னும் கொஞ்சம் கூடுதலாய் இடம் போனது.
நான் பிரேக்கை மிதித்தேன்.
மிதித்திருக்கக் கூடாது.

"காலை எடுங்கோ" என்றாள் இமெல்டா,
மாதாவைக் கூப்பிடுகிற குரலில் அல்ல,
அடுப்பை அணைக்கச் சொல்கிற குரலில்.
எடுத்தேன்.
ஆடி ஆடி அடங்கிற்று.
பாலம் தாண்டி நிறுத்திய பிறகும்
இருவரும் இறங்கவில்லை.
பின்னால், கூண்டுக்குள்,
ஒரு சட்டி மட்டும் நெடுநேரம் உருண்டது.

கிண்ணியாவில் நிஸ்தார் ஒட்டித் தந்தது.
இரண்டு கட்டில், காஸ் அடுப்பு, மடிக்கிற மேசை.
உப்புவெளிக்கு வருகிற வெள்ளைக்காரருக்கு
வாடகைக்கு விடுவது எங்கள் கணக்கு.
வெறும் கூண்டு அறுநூற்றெண்பது கிலோ.
பிரேக் இல்லாத இழுவை
எழுநூற்றைம்பது வரை என்றது
பிக்கப்போடு வந்த புத்தகம்.
"எழுபது மிச்சம்" என்று சொல்லி அன்றைக்கு
எல்லாருக்கும் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தேன்.

எழுபது மிச்சம்.
தண்ணீருக்குப் பாரம் உண்டென்று
கடலோரத்தில் பிறந்தவனுக்குத் தெரியாதா?
தெரியும். கூட்டவில்லை.

அதே பாலத்தால் நடைவேகத்தில் திரும்பி
நிலாவெளி உப்பளத்துக்குப் போனோம்.
எடைமேடைக்குப் பொறுப்பு சதானந்தி.
"உப்பு லொறி வரமுதல் ஏத்துங்கோ" என்றாள்.
அவளுடைய மேடை இருபது இருபதாய்த்தான் எண்ணும்.
கொக்கியைக் கழற்றி, கூண்டைத் தனியே விட்டோம்.
சிவப்பு எழுத்தில் நின்றது
1120.

மூக்குக்குக் கீழே
அரிசி நிறுக்கிற சின்னத் தராசைத் தள்ளினாள்.
முப்பது.
"பத்தில ஒண்டாவது மூக்கில இருக்கவேணும்.
நீங்கள் எல்லாத்தையும் பின்னுக்கு வச்சிருக்கிறியள்.
ஆடாமல் என்ன செய்யும்?"

இருநூறு லீற்றர் தொட்டி, ஜெனரேற்றர், பற்றரி,
எல்லாம் பின்சுவரோடு.
அழகுக்காக.
படமெடுத்தால் முன்பக்கம் துப்புரவாய்த் தெரியும்.

"பிக்கப்பில ஆர் ஆர்?"
"நாங்கள் ரெண்டு பேர்தான்."
"அதுவும் பாரம்தானே.
மூக்கு அமத்துறதும் பிக்கப்பின்ர முதுகிலதான்."
இமெல்டா சிரித்துக்கொண்டு தராசில் ஏறினாள்.
அந்த எண்ணை நான் சொல்லமாட்டேன்.
இந்தக் கவிதையின் கொள்ளளவை அது தாண்டும்.

வங்கிக் கடன் கனக்கும் என்று
இந்த இடத்தில் எழுதலாம்.
எழுதுவது லேசு.
மேடையில் அது ஒரு கிலோவும் இல்லை.
கனத்தது தண்ணீர்.

உப்பு லொறி வந்து ஹோர்ன் அடித்தது.
தொட்டியைத் திறக்கக் குனிந்தேன்.
"ஐயோ, நல்ல தண்ணியை நிலத்தில விடாதேங்கோ!"
பாத்திகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்,
கையில் வெள்ளைக் கான்கள்,
இருபது லீற்றர்க் கான்கள்.
ஒவ்வொன்றும் நிரம்பி இறங்க இறங்க
சிவப்பு எழுத்து ஒரு படி இறங்கியது.
1100.
1080.
லொறிக்காரனும் இறங்கி வந்து
தன் போத்தலை நீட்டினான்.
அதற்கு மேடை அசையவில்லை.

பத்தாவது கானோடு 920.
"இன்னும் கூடத்தான்" என்றாள் சதானந்தி,
தாளைக் கிழித்துத் தந்தபடி.
"பிரேக் போடாமல் இதைக் கொண்டு திரியாதேங்கோ."

கூண்டை உப்பளத்து மதிலோடு விட்டுவிட்டு
வேலியோரம் நின்று நிஸ்தாருக்கு எடுத்தேன்.
தொட்டி முன்னுக்கு வரவேணும்,
ஜெனரேற்றர் அச்சுக்கு மேலே,
பிறகு பிரேக்.
"பிரேக்கா?" என்றான்.
"நீங்க கேக்கல்லயே."

கேட்கவில்லைதான்.
மூன்று தரம் கிண்ணியாவுக்குப் போய்
நிறத்தை மட்டும் கேட்டு வந்தேன்.
மஞ்சள்.